உங்கள் நாய் எது?

'பொது' என்ற சொல்லுக்கு நம்மிடம் இருக்கும் மரியாதை, பொதுவாக இருக்கும் பொருளுக்கு இல்லை. பொதுநலம், பொதுவாழ்வு, பொதுத்தொண்டு என்று மேடையில் ஒருவர் முழங்கினால் கைதட்டுகிறோம். பொதுக் குழாய், பொதுச் சத்திரம், பொதுக் கக்கூஸ் என்றால் மூக்கைப் பொத்திக்கொள்கிறோம். சொந்த வாசலில் அழகாகக் கோலம் போட்ட கையே குப்பையைக் கூட்டி எதிர்வீட்டு ஓரமாகத் தள்ளுகிறது. இதற்காக நம்மை நாமே திட்டிக்கொள்வது சுலபம். பத்திரிகைகளில் எழுதுகிறவர்கள் எல்லாரும் ஒரு தடவையாவது திட்டி முடித்தாயிற்று. நான் திட்டப் போவதில்லை. எனக்கு இருப்பது வேறொரு சந்தேகம்.

பொது இடத்தை யாருமே கவனிக்காமல் விட்டால் அது பாழாகிறது. சரி. ஆனால் நாலு பேர் சேர்ந்து அதை உயிரைக் கொடுத்துக் கவனிக்கத் தொடங்கினால் என்ன ஆகிறது? அது அழகாகிறது, அதோடு, கொஞ்சம் கொஞ்சமாக அவர்களுடையதாகவும் ஆகிவிடுகிறது. கூட்டிப் பெருக்கியவருக்கு அந்த இடத்தின் மேல் மற்றவரைக் காட்டிலும் கூடுதலான உரிமை உண்டா? உண்டு என்றால் அது பொது இடம் இல்லை. இல்லை என்றால், நாளைக்குத் துடைப்பத்தை எடுக்க யார் வருவார்கள்?

இந்தச் சந்தேகம் கோயில் பிராகாரத்திலோ குளத்தங்கரையிலோ எனக்குத் தோன்றியிருந்தால் கௌரவமாக இருந்திருக்கும். தோன்றியது ஒரு நாய்ப் பூங்காவில்.

கலிபோர்னியாவில், சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவின் கிழக்குக் கரையோரம் ஒரு சிற்றூரில் என் மகள் இருக்கிறாள். அங்கே மூன்று மாதம் தங்கியிருந்தேன். மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் புறப்பட்ட பிறகு, வேளை போகாத கிழவனுக்குக் காலை நடை ஒன்றுதான் கதி. நடக்கிற வழியில் நகரசபைப் பூங்கா ஒன்று. அதன் ஒரு மூலையை வேலியடைத்து நாய்களுக்கென்று ஒதுக்கியிருந்தார்கள். வேலிக்கு உள்ளே நாய்களுக்குச் சங்கிலி கிடையாது.

முதல் நாள் வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்தேன். வாசலில் இரண்டு கதவுகள். வெளிக்கதவைச் சாத்திவிட்டுத்தான் உட்கதவைத் திறக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஒரு சின்னக் கூண்டு. அங்கேயே நாயின் கழுத்துவாரை அவிழ்த்துவிடுகிறார்கள். அவிழ்த்துவிட்ட நாய்களுக்கு நடுவே கட்டிய நாயைக் கொண்டுபோனால் சண்டை வருமாம். கட்டுண்டவன் சுதந்திரமானவர்களைப் பார்த்துக் குரைக்கிறான். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. சின்ன நாய்களுக்குத் தனித் தடுப்பு. தண்ணீர்க் குழாய், கிண்ணங்கள், பெஞ்சுகள், அசிங்கத்தை அள்ளிப்போடப் பைகள். இவ்வளவுதான் நகரசபை செய்து கொடுத்தது. மற்றதெல்லாம் தொண்டர்கள் வேலை.

அந்த மற்றது என்ன என்பதை நாலைந்து சனிக்கிழமை பார்த்தபின்தான் தெரிந்துகொண்டேன். நாய் மூத்திரம் பட்ட இடத்தில் புல் கருகிவிடும். கருகாமல் மிஞ்சியதை ஓட்டமும் உருளலும் சேறாக்கிவிடும். ஆகையால் தரையெல்லாம் மரச் சில்லுகள் பரப்ப வேண்டும். நகரசபை லாரி ஒரு மலையைக் கொட்டிவிட்டுப் போய்விடும். அதைக் கைவண்டியில் வாரி இறைப்பது தொண்டர்கள். நாய்க்குக் குழி தோண்டுவது பிறவிக் குணம். அந்தக் குழியில் கால் இடறி மனிதர் கணுக்கால் சுளுக்கிக்கொள்வார். எனவே தினமும் குழியை மூட வேண்டும். மறுநாள் அதே நாய் அதே இடத்தில் தோண்டும். மறுபடியும் மூட வேண்டும். தண்ணீர்க் கிண்ணத்தில் பாசி படியாமல் தேய்க்க வேண்டும். நாயின் பின்னாலேயே போய் அள்ளுவது சொந்தக்காரர் கடமை. ஆனாலும் கையில் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு அந்த நேரத்தில் மட்டும் ஆகாசத்தை ஆராய்கிறவர்கள் எந்தத் தேசத்திலும் உண்டு. அவர்கள் விட்டதையும் யாராவது அள்ளத்தானே வேண்டும்?

எல்லாவற்றிலும் கடினமானது ஒரு புல். நரியின் வால்போலக் கதிர் விடும். வேனிலில் காய்ந்து உதிரும்போது அதன் ஊசிமுனை நாயின் காதிலும் மூக்கிலும் விரலிடுக்கிலும் ஏறிவிடும். நம் ஊர் ஒட்டுப்புல் வேட்டியில் ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள், அது மாதிரி. பின்னோக்கிய முள் இருப்பதால் முன்னேதான் நகரும், திரும்ப வராது. சதைக்குள்ளேயே பயணம் போகும். அது காய்வதற்கு முன்னால் வேரோடு பிடுங்க வேண்டும். எழுபது வயதிருக்கும் ஓர் அம்மையார் முழங்காலுக்கு ஒரு மெத்தையைப் போட்டு, மண்டியிட்டு, ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருப்பார். அவருடைய நாய், கறுத்த கிழ லாப்ரடார், மூட்டுவாதத்தால் ஓட முடியாமல் பெஞ்சின் அடியிலே படுத்து அவரையே பார்த்துக்கொண்டிருக்கும்.

இரண்டாம் வாரம் தைரியம் வந்து நானும் உள்ளே போய் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். பத்து நிமிஷம் ஆகியிருக்கும். அந்த அம்மையார் கையில் புற்கட்டோடு வந்தார். சிரித்த முகம்தான்.

"உங்கள் நாய் எது?" என்றார்.

எனக்கு நாய் இல்லை என்றேன். சிரிப்பு மாறவில்லை, ஆனால் அந்த இடத்திலே நான் யார் என்பது மாறிவிட்டது. நாயில்லாமல் வரக் கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை என்றும், சிலர் கைக்குழந்தையைக் கொண்டுவந்து விடுகிறார்கள், சிலர் ரொட்டியைப் பிரிக்கிறார்கள், பிறகு நாய் தள்ளிவிட்டது, பறித்துக்கொண்டது என்று புகார் வருகிறது, ஆகவே கேட்டுவைப்பது வழக்கம் என்றும் மிகவும் தன்மையாக விளக்கினார். நியாயமான விளக்கம். ஆனாலும் எனக்கு மகாபாரதம் ஞாபகம் வந்துவிட்டது. நாயோடு வந்ததற்காகத் தருமபுத்திரரைச் சொர்க்கத்தின் வாசலில் நிறுத்தினார்கள். நாயில்லாமல் வந்ததற்காக என்னை நிறுத்தினார்கள்.

இன்னொன்றையும் அங்கே கவனித்தேன். வீடு வாசல் இல்லாத ஒருவர், மூட்டை முடிச்சுகளை ஒரு தள்ளுவண்டியில் அடுக்கிக்கொண்டு, பழுப்பு நாய் ஒன்றோடு சில நாள் வருவார். வெளிப் பூங்காவின் பெஞ்சில் அவர் உட்கார்ந்தால் பக்கத்து பெஞ்சு காலியாகும். வேலிக்குள் வந்தால் அவருடைய நாயின் பெயர் எல்லாருக்கும் தெரியும். வயிறு சரியாகிவிட்டதா என்று விசாரிப்பார்கள். (அவருடைய வயிற்றைப் பற்றி யாரும் விசாரித்து நான் கேட்கவில்லை.) நாய் அவருக்கு அனுமதிச் சீட்டு. எனக்கு அது இல்லை. மனிதன் என்ற தகுதி அந்த ஒரு மூலையிலாவது போதாமல் போனதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட உண்டு. ஆனால் கேள்வி நெஞ்சில் நின்றுவிட்டது.

இப்படி நாய்களுக்கென்று வேலியிட்ட பூங்காக்களுக்கெல்லாம் முன்னோடி என்று சொல்லப்படுவது அங்கிருந்து பத்து மைல் தூரத்தில், பெர்க்கிலி நகரத்தில் இருக்கிறது. ஓலோனிப் பூங்கா என்று பெயர். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை என்னை அழைத்துப் போனார். பார்க்க அப்படியொன்றும் விசேஷமில்லை. நீளமாகக் கிடக்கும் ஒரு புல்தரை. ஆனால் அதன் சரித்திரம் சாமானியமானதல்ல.

பார்ட் என்னும் மின்சார ரயிலைத் தங்கள் ஊருக்குள் தரைக்கு மேலே விடாமல் சுரங்கத்தில் விட வேண்டும் என்று பெர்க்கிலி மக்கள் 1966-இல் வாக்களித்தார்கள். அதற்கான கூடுதல் செலவுக்குத் தாங்களே வரி கட்டவும் சம்மதித்தார்கள். சுரங்கம் தோண்டுவதற்காக ஹெர்ஸ்ட் அவென்யூ ஓரமாக வரிசையாக வீடுகளை இடித்தார்கள். நீளமாக ஒரு வெற்று நிலம் உண்டாயிற்று. இதற்கிடையில், 1969 ஏப்ரலில், அதே ஊரில் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான வேறொரு காலி மனையில் மாணவர்களும் ஊராரும் யாரையும் கேட்காமல் புகுந்து செடி நட்டு, 'மக்கள் பூங்கா' என்று பெயர் வைத்தார்கள். மே 15-ஆம் தேதி போலீசார் வந்து வேலி போட்டார்கள். கலவரம்; துப்பாக்கிச் சூடு. ஜேம்ஸ் ரெக்டர் என்ற இளைஞர் சுடப்பட்டு, சில நாளில் இறந்துபோனார். அங்கே நட முடியாமற் போன கைகள் இங்கே இந்த ரயில் நிலத்துக்கு வந்து நட்டன. 'மக்கள் பூங்காவின் கிளை' என்று இதற்குப் பெயரும் வைத்தன. இதுதான் பிறகு நகரத்தின் பூங்காவாகி, 1979-இல் ஓலோனி என்ற பெயரையும், அதே ஆண்டில் நாய்களுக்கான வேலியையும் பெற்றது.

ஒரே ஊர், ஒரே வருஷம், ஒரே விதமான கைகள். ஒரு தோட்டம் நகரத்தின் சொத்தாகித் தழைத்தது. மற்றொன்று ஐம்பது வருஷத்துக்கு மேல் வழக்கும் வம்புமாகக் கிடந்து, 2024 ஜனவரியில் பல்கலைக்கழகம் அதைச் சுற்றிச் சரக்குப் பெட்டிகளை மதில்போல அடுக்கியது. மாணவர் விடுதி கட்டலாம் என்று அந்த ஆண்டே தீர்ப்பும் ஆயிற்று. நட்டவர் கை என்பது சொத்துப் பத்திரம் ஆகாது என்று இதற்கு அர்த்தம் சொல்லலாம். சொல்வதற்கு முன்னால் அந்தப் பூங்காவின் பெயரையும் யோசிக்க வேண்டும். ஓலோனி என்பவர்கள் வெள்ளையர் வருமுன் அந்த விரிகுடாக் கரையில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வாழ்ந்த ஆதிகுடிகள். நிலத்தை எடுத்துக்கொண்டு பெயரைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள்! பூங்காவிலே 1995-இல் ஜீன் லாமார் என்ற பழங்குடி ஓவியர் அவர்களுடைய கதையைச் சுவரில் தீட்டியிருக்கிறார். பெயரோடு நிற்காமல் நிலமே திரும்பியதும் உண்டு: அதே நகரத்தில் ஓலோனிகளின் புராதனச் சிப்பிமேடு இருந்த இரண்டு ஏக்கர் சொச்சத்தை வாங்கி, பழங்குடிப் பெண்கள் நடத்தும் ஓர் அறக்கட்டளையிடம் ஒப்படைப்பதென்று 2024 மார்ச்சில் நகரசபை தீர்மானித்தது. அதற்குமுன் அது ஒரு கார் நிறுத்துமிடம்.

ஊருக்குத் திரும்புகிற வழியில் மாப்பிள்ளை சொன்னார்: "மாமா, உழைக்கிறவர்களுக்குக் கூடுதல் பாத்தியதை கொடுத்துவிட்டால் என்ன? வாரம் இரண்டு மணி நேரம் வேலை செய்கிறவருக்கு இரண்டு ஓட்டு. சும்மா வந்து போகிறவருக்கு ஒன்று. அப்படி இருந்தால்தான் எந்தக் காரியமும் நடக்கும்."

அவர் கம்பெனி உத்தியோகஸ்தர். பங்கு என்ற சொல் அவருக்கு நம்மைவிட நன்றாகப் புரியும். நான் பதில் சொல்லவில்லை. இரண்டு வாரம் கழித்து நடந்த ஒரு சம்பவத்தை அன்று இரவு சாப்பாட்டின்போது அவரிடம் சொன்னேன்.

அந்த அம்மையாருடைய கறுப்பு நாய் இறந்துவிட்டது. ஒரு வாரம் அவர் வரவில்லை. பிறகு ஒரு காலையில் மெத்தையையும் கைக்கத்தரியையும் எடுத்துக்கொண்டு தனியாக வந்தார். இரட்டைக் கதவின் கூண்டுக்குள் வழக்கம்போலக் குனிந்து, அவிழ்க்க ஒன்றும் இல்லை என்று தெரிந்து நிமிர்ந்தார். நேரே புல்லுக்குப் போய் மண்டியிட்டார். அந்த ஊருக்குப் புதிதாகக் குடிவந்த ஓர் இளம் பெண், சின்னக் குட்டி ஒன்றோடு வந்திருந்தவள், கொஞ்ச நேரம் அவரைப் பார்த்தாள். பிறகு கிட்டே போய்ச் சிரித்த முகத்தோடு கேட்டாள்:

"உங்கள் நாய் எது?"

பெஞ்சில் இருந்த எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பதினான்கு வருஷமாக அந்தத் தரையில் மண்டியிட்டவர் அவர் என்று எழுந்து சொல்லிவிடலாமா என்று பார்த்தேன். அதற்குள் அவர், "எனக்கு நாய் இல்லை" என்றார். இன்னும் இரண்டு புல்லைப் பிடுங்கினார். குட்டியின் காதைப் புரட்டிப் பார்த்து, இந்தப் புல்லில் ஜாக்கிரதையாக இரு என்று அந்தப் பெண்ணுக்குச் சொல்லிக் கொடுத்தார்.

அவள் போன பிறகு நான்தான் பொறுக்காமல் அவரிடம் பேச்சுக் கொடுத்தேன். "அவள் கேட்டது சரிதானே?" என்றார் அவர். "உங்களையும் நான் கேட்டேனே. எத்தனையோ பேரைக் கேட்டிருக்கிறேன்." குரலில் வருத்தம் இருந்தது. அது அந்தப் பெண்ணின் மேல் இல்லை.

"இப்போது சொல்லுங்கள், அவருக்கு எத்தனை ஓட்டு?" என்று மாப்பிள்ளையைக் கேட்டேன். "பத்துக் கொடுக்கலாம்" என்றார் அவர். "அதைச் சொன்னால் அவர் நாளையிலிருந்து வர மாட்டார், அப்பா வேண்டுமானால் பந்தயம் கட்டுவார்" என்றாள் என் மகள். நான் பந்தயம் கட்டவில்லை. மனிதர்களை அவ்வளவு உயர்வாக எடைபோடுவதில் எனக்குத் தயக்கம் உண்டு. அந்த அம்மையாரும், புல் பிடுங்குகிறவர் என்ற ஹோதாவில்தானே முதல் வாரம் என்னை விசாரித்தார்?

இங்கே நம் தேசத்துச் சங்கதி ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. மகாராஷ்டிரத்தில் மகாத் என்ற ஊரில் சவதார் குளம் என்று ஒரு பொதுக்குளம். எல்லாரும் புழங்கலாம் என்று நகரசபை 1924-இலேயே தீர்மானம் போட்டாயிற்று. ஆனால் அந்தக் குளத்திலே ஆடு மாடும் நாயும் வாய் வைக்கலாம். தீண்டாதார் என்று ஒதுக்கப்பட்ட மனிதர் கை வைக்க முடியாது. 1927 மார்ச் 20-ஆம் தேதி அம்பேத்கர் தம் மக்களோடு போய் அந்தத் தண்ணீரை அள்ளிக் குடித்தார். அவர்கள் போனபின் மேல்சாதியார் என்ன செய்தார்கள்? குளத்தைச் சுத்தம் செய்தார்கள். பால், தயிர், சாணம், கோமியம் எல்லாம் கலந்து நூற்றெட்டுக் குடம் ஊற்றினார்கள். வழக்கு நடந்து, குளம் பொதுதான் என்று 1937-இல் பம்பாய் ஹைகோர்ட் சொல்ல வேண்டியிருந்தது. அந்த நூற்றெட்டுக் குடம் சுமந்தவர்களைக் கேட்டிருந்தால், எங்கள் குளத்தை நாங்கள் பராமரித்தோம் என்றுதான் சொல்லியிருப்பார்கள். அதிலே சந்தேகமே வேண்டாம்.

தமிழ்நாட்டில் குடிமராமத்து என்று பெருமையாகப் பேசுகிறோம். மழைக்கு முன்னால் ஆயக்கட்டுக்காரர்கள் ஒன்றுகூடி ஏரியைத் தூர்வாரி, வரத்துக்கால் வெட்டி, கரையை உயர்த்துவார்கள். நல்ல வழக்கம்தான். அது தானாக நடக்கவில்லை என்றதும், அதைக் கட்டாயமாக்க 1858-இல் சென்னை ராஜதானியில் ஒரு சட்டமே போட்டார்கள். 2017-இல் தமிழக அரசு அதே பெயரில் ஒரு திட்டமும் தொடங்கியது. பெருமைப்படுவோம்; அதோடு மண்கூடை யார் தலையில் இருந்தது, மடை திறந்தால் தண்ணீர் யார் வயலுக்குப் போயிற்று என்றும் கேட்டுக்கொள்வோம். மாப்பிள்ளையின் கணக்குப்படி உழைத்தவனுக்குத்தான் பங்கு என்றால், அந்த ஏரிகளில் பாதி நிலமில்லாத கூலிக்காரனுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. உழைப்பு உரிமையைத் தருகிறது என்கிற வாதம், ஏற்கெனவே உரிமை உள்ளவன் உழைத்தால் மட்டுமே பலிக்கிறது.

ஆக என் அபிப்பிராயம் என்னவென்றால், பொது இடத்தைப் பேணுகிறவருக்கு அந்த இடத்தின் மேல் தனி உரிமை கிடையாது. நன்றி உண்டு, மரியாதை உண்டு, அவர் சொன்னால் கேட்க வேண்டிய கடமை உண்டு. ஏனென்றால் எந்தக் குழியில் கால் இடறும் என்பது அவருக்குத்தான் தெரியும். ஆனால் 'நீ யார்?' என்று கேட்கும் அதிகாரம் இல்லை. நாய்களை நம்பி வேலியிட்டால், நாய்களுக்கு ஆபத்தில்லாமல் பார்த்துக்கொள்ள ஒரு கேள்வி தேவைப்படலாம். ஒப்புக்கொள்கிறேன். "ரொட்டி வைத்திருக்கிறீர்களா?" என்று கேட்கலாமே. நாய் எது என்று கேட்பானேன்?

இவ்வளவு தெளிவாகத் தீர்ப்புச் சொல்லிவிட்டுச் சென்னைக்குத் திரும்பினேன். இங்கே எங்கள் தெருவில் அதே கேள்வி தலைகீழாக நின்றுகொண்டிருந்தது.

நமக்கு நாய்ப் பூங்கா என்பது இன்னும் பெரிய ஊர்களின் விநோதம்தான். பெங்களூரில் கப்பன் பூங்காவுக்குள் வளர்ப்பு நாய்கள் வரக் கூடாது என்று 2022-இல் தடை போட யோசித்து, நாய் வளர்ப்போர் எதிர்ப்பைப் பார்த்து நிறுத்தி வைத்தார்கள். நம்முடைய நாய்களில் பெரும்பாலானவற்றுக்குத் தெருதான் பூங்கா; வேலி இல்லை, இரட்டைக் கதவு இல்லை. 2025 ஆகஸ்டு 11-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் டில்லி வட்டாரத்துத் தெருநாய்களை எல்லாம் பிடித்து அடைக்கச் சொன்னதும், 22-ஆம் தேதி மூன்று நீதிபதிகள் அதை மாற்றி, கருத்தடையும் தடுப்பூசியும் செய்து பிடித்த இடத்திலேயே விடச் சொன்னதும் (வெறிநோய் கண்டவையும் மூர்க்கமானவையும் தவிர), வார்டுதோறும் உணவளிக்க இடம் ஒதுக்கச் சொன்னதும் எல்லாரும் அறிந்ததே. அந்த மாதம் எங்கள் தெருவில் பேச்சு வேறெதுவும் இல்லை.

எங்கள் தெருமுனையில் பூ விற்கும் அம்மாள் ஒருவர் இருக்கிறார். நாலு நாய்களுக்கு ராத்திரி மிச்சச் சோற்றில் தண்ணீர் விட்டுப் பிசைந்து வைப்பார். யாரும் சொல்லிச் செய்வதல்ல. சட்டியையும் அவரே கழுவிவைப்பார். அந்த நாலில் ஒன்று, போன வருஷம் ஒரு பையனின் கெண்டைக்காலைக் கடித்துவிட்டது. தெருவே கூடியது. மருத்துவர், வக்கீல், ஓய்வுபெற்ற அதிகாரி, நான் எல்லாரும் இருந்தோம். எல்லாருடைய வாயிலும் ஒரே வார்த்தை: "உன் நாய் கடித்துவிட்டதே!"

"என் நாயா? தெரு நாய் சாமி. நான் சோறுதான் வெச்சேன்" என்றார் அவர்.

யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. சோறு வைத்ததால் அது அவருடைய நாய் ஆகிவிட்டது. வைக்காத எங்களுக்கு அதில் சம்பந்தம் இல்லை. கலிபோர்னியாவில் பேணியவருக்குக் கிடைக்கக் கூடாது என்று நான் சொன்ன உரிமை இங்கே கிடைக்கவும் இல்லை. பழி மட்டும் முழுசாகக் கிடைத்தது. பையனை அரசாங்க ஆஸ்பத்திரிக்கு ஒவ்வொரு ஊசிக்கும் அழைத்துப்போய் வரிசையில் நின்றவரும் அவர்தான். பூக்கூடையை அந்த நாட்களில் என் வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டுப் போவார்.

பிறகு அந்த நாலு நாய்களுக்கும் தடுப்பூசி போட ஓர் ஏற்பாடு நடந்தது. நாயைப் பிடித்துக் கொடுக்கவும் அவர்தான் வேண்டியிருந்தது. வேறு யார் கைக்கும் அவை வராது. அட்டை எழுதினார்கள். சொந்தக்காரர் பெயர் என்று ஒரு கட்டம். எழுதத் தெரியாததால் என்னை எழுதச் சொன்னார். என்ன பெயர் எழுத என்று கேட்டேன். தெருவின் பெயரைச் சொன்னார். எழுதினேன். மேஜையில் இருந்தவர் அதைப் பார்த்து, தெருவெல்லாம் சொந்தக்காரராக முடியாது, ஒரு ஆள் பேர் வேண்டும் என்றார்.

சுற்றி நாங்கள் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தோம். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அந்த அம்மாள் தம் பெயரைச் சொன்னார். நாலு அட்டையிலும் அதையே எழுதிக் கொடுத்தேன்.